ஹெரால்டு கார் பாடியைச் சேஸிலிருந்து தூக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்

திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகையில் பல வருடமாகப் படுத்துக் கிடந்த 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு மாடல். நான் பார்க்கப் போன அன்று பின்சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. இரண்டரை வருடம் ஆகியிருக்கிறது, இப்போது வண்டி கம்பெனியிலிருந்து இறங்கிய மாதிரி நிற்கிறது. இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். இன்ஜின் இறக்குவது, பிரேக் பிரிப்பது எல்லாம் எந்த நல்ல மெக்கானிக்கும் சொல்லித் தருவார், அதற்குள் போகவில்லை. யாரும் சொல்லாத இடம் பாடிதான்.

முதலில் வண்டியைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு 1959இல் வந்தது. வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலாட்டி. அதைத்தான் 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் செய்து விற்றது. அந்தக் காலத்திலேயே மற்ற கார்கள் சேஸும் (அடியில் இருக்கும் இரும்புச் சட்டம்) பாடியும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தபோது, இது தனிச் சேஸ் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு நிறுத்திய வண்டி. கூரையைக்கூடக் கழற்றி எடுத்துவிடலாம். இதே சேஸைக் குட்டையாக்கித்தான் 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதனால் நமக்கு ஒரு பெரிய லாபம்: ஸ்பிட்ஃபயருக்கு இங்கிலாந்தில் இன்றும் சாமான் கிடைக்கிறது, முன்பக்க சஸ்பென்ஷனில் பல சாமான்கள் ஹெரால்டுக்கும் பொருந்தும். சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள். அதற்கு முன் சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுக்க அலைந்து பாருங்கள், என் டெயில் லைட் கண்ணாடி அங்கேதான் கிடைத்தது.

ஸ்பேனர் விஷயம். இந்த வண்டி முழுக்க இஞ்ச் அளவு. அரை இஞ்ச் நட் 12.7 மில்லி, அதில் 13 நம்பர் ஸ்பேனர் உட்காரும், உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும், துருப்பிடித்த நட்டில் ஒரு அழுத்து அழுத்தினால் முனை மழுங்கிவிடும். டபாரியா கம்பெனியின் இஞ்ச் அளவு ரிங் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள், அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைக் கையால் தொடவே வேண்டாம். இறுகிப்போன நட்டுக்கு மூன்று நாள் டீசல் ஊற்றி ஊறவிடுங்கள். அப்படியும் வராவிட்டால் கேஸ் வைத்துச் சூடு காட்டுங்கள். பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் இருக்கிறது, அதைக் கழற்றி வெளியே வைத்த பிறகுதான் பின்பக்கம் நெருப்பு.

சரி, இப்போது நான் மாட்டிக்கொண்ட இடம்.

பாடியைச் சேஸோடு போல்ட் போட்டுப் பிடிக்கும் இடங்களில் (மவுண்ட்), இரண்டுக்கும் நடுவே பேக்கிங் துண்டுகள், அதாவது உயரத்தைச் சரிசெய்யும் துண்டுகள், இருக்கும். ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் மூன்று, சில இடத்தில் ஒன்றும் இருக்காது. பார்த்தால் யாரோ கைக்குக் கிடைத்ததை வைத்த மாதிரி தெரியும். அப்படி இல்லை. பாடியில் தாங்குகிற பலம் கிடையாது, கதவு இடைவெளி சரியாக வரும் வரை கம்பெனியிலேயே ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக வைத்து நிறுத்தியது அது. நான் கூரையைக் கழற்றினேன், எல்லாப் பேக்கிங்கையும் ஒரே பால் டின்னில் போட்டேன், ஆறு பேரைக் கூப்பிட்டுப் பாடியைத் தூக்கி இறக்கிவிட்டேன். சேஸுக்கு வெல்டிங், ரெட் ஆக்சைடு, பெயிண்ட் எல்லாம் முடிந்து நான்கு மாதம் கழித்துத் திரும்ப ஏற்றினால் டிரைவர் பக்கக் கதவு சாத்தவே இல்லை. மேல் மூலையில் உலோகமும் உலோகமும் உரசுகிறது, கீழே விரல் போகிற அளவு சந்து. கதவைத் தட்டி வளைத்துவிடலாம் என்று டிங்கர் சொன்னார். தட்டாதீர்கள், கதவில் கோளாறு இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். எதையும் கழற்றும் முன், நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போது, ஒவ்வொரு கதவைச் சுற்றியும் எட்டு இடத்தில் இடைவெளியை அளந்து, மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்த இடத்திலேயே ஒட்டிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கதவைக் கழற்றி, கீல் இருக்கும் தூணுக்கும் பூட்டு இருக்கும் தூணுக்கும் குறுக்கே, மேலே ஒன்று கீழே ஒன்றாக, ஒரு இஞ்ச் சதுரப் பைப்பைப் போல்ட் போட்டு முடுக்குங்கள். வெல்ட் வைத்தால் பிறகு சாணை பிடித்து எடுக்கும்போது தகடு மெலிந்துபோகும், அதனால் எனக்குப் போல்ட்தான் பிடிக்கும். இது இரண்டு பக்கமும் முடிந்த பிறகுதான் கூரை, பிறகு பாடி. பேக்கிங் துண்டுகளை மவுண்ட் வாரியாகத் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு, 'இடது 3' என்கிற மாதிரி எழுதிக் கட்டுங்கள்.

என்னை மாதிரி ஏற்கெனவே கலைத்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு. கதவின் மேல்பக்கம் இடைவெளி இறுகினால் பாடி நடுவில் தொங்குகிறது என்று அர்த்தம், நடு மவுண்டில் பேக்கிங்கைக் கூட்டுங்கள். மேலே அகன்றால் நடுவில் குறையுங்கள். ஒரு முறைக்கு ஒன்றரை மில்லி, அதற்கு மேல் வேண்டாம். நான் லேத் பட்டறையில் அலுமினியத் தகடு வெட்டி வாங்கினேன் (டி.வி.எஸ். கம்பெனி பிறந்த மதுரை, இங்கே நல்ல லேத்துக்குப் பஞ்சமில்லை). டயர் ரப்பர் வெட்டி வைக்கச் சொல்வார்கள், நம்ம ஊர் சித்திரை வெயிலில் அது அமுங்கி, அடுத்த மாதமே கதவு திரும்ப உரசும். எனக்குப் பதினோரு நாள் ஆனது. கடைசியில் ஒரு சாயங்காலம் கதவைத் தள்ளிவிட்டேன், 'டப்' என்று ஒரே சத்தத்தில் தானாகப் பூட்டிக்கொண்டது. பெயிண்ட் அடித்து முடித்த நாளில்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

கலர்: வெளியே தெரிகிற கலரை நம்பாதீர்கள், டாஷ்போர்டின் பின்பக்கம் பாருங்கள். என் வண்டி வெளியே சிவப்பு, உள்ளே வெளிர் சாம்பல். அதுதான் ஒரிஜினல், அதையே அடித்தேன்.

இன்ஜின் 948 சிசி. வால்வ் இடைவெளி இன்ஜின் ஆறிய நிலையில் 10 தௌ (ஒரு தௌ என்றால் இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளக் 25 தௌ, பாயிண்ட் 15 தௌ. என் வண்டியில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் எர்த், மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறேன். உங்கள் வண்டியில் எது எர்த் என்று பார்த்துவிட்டு வயரைத் தொடுங்கள்.

பேப்பர் வேலை: 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 வருடம் தாண்டிய, சேஸும் பாடியும் இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கு வின்டேஜ் பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு இவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்க முடியும், தினசரி ஓட்டத்துக்கு இல்லை.

பின்சேர்க்கை 1: திண்டுக்கல்லிலிருந்து ஒரு நண்பர் பேக்கிங் சரியாக வைத்தும் இன்ஜின் ஏற்றியதும் இடைவெளி மாறிவிட்டது என்று எழுதியிருந்தார். அவர் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவைத்து அளந்திருக்கிறார். பாரம் மாறினால் சேஸும் கொஞ்சம் வளையும். இன்ஜின், கியர்பாக்ஸ் ஏற்றி, சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் கடைசி அளவு. அதை மேலேயே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: முன்சக்கரத்துக்கு உள்ளே, கீழே இருக்கும் டிரன்னியனில் (சக்கரம் திரும்ப உதவும் மரை போட்ட மூட்டு) கிரீஸ் அடிக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கூடாது. 90 நம்பர் கியர் ஆயில்தான். கிரீஸ் உள்ளே இறங்காமல் மேலேயே அடைத்துக்கொள்ளும், உள்ளே மரை காய்ந்து தேய்ந்து துருவேறி, ஒரு நாள் வளைவில் திரும்பும்போது முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஏற்கெனவே யாராவது கிரீஸ் அடித்திருந்தால் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, மரையை விரலால் தடவிப் பாருங்கள். வரி வரியாகத் துரு பிடித்திருந்தால் அதைத் திரும்பப் போடாதீர்கள், புதிது வாங்கிவிடுங்கள்.