ஜெர்மன் ஐஸ் ஹாக்கி சீசனைத் திருநெல்வேலியிலிருந்து தொடர்வது எப்படி

எங்கள் பக்கத்தில் ‘சீசன்’ என்றால் குற்றாலச் சாரல்தான். அந்தச் சாரல் ஓய்ந்த பிறகு, செப்டம்பர் நடுவில் ஜெர்மனியில் இன்னொரு சீசன் தொடங்கி ஏப்ரல் வரை நீள்கிறது. 1994இல் உருவான, டி.இ.எல். என்று சுருக்கமாக அழைக்கப்படும், தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கின் சீசன் அது. கோவில்பட்டியில் ஹாக்கி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் பழகிக்கொள்வது கடினமன்று.

முதலில் நேரக் கணக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதன் பிறகு மார்ச் கடைசி ஞாயிறு வரை நான்கரை மணி நேரம். வெள்ளிக்கிழமை அங்கே இரவு 7.30க்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு 12 மணிக்கு வரும் என்பதால், மறுநாள் வேலைக்குச் செல்பவர்கள் ஞாயிறு ஆட்டங்களையே நம்புவது நல்லது. அங்கே பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குவதை இங்கே மாலை 6.30க்கு, காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம்.

மொத்தம் 14 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 13 அணிகளோடு நான்கு முறை மோதுவதால் அணிக்கு 52 ஆட்டங்கள், லீக்கிற்கு 364. அத்தனையையும் பார்க்க முயல்பவர் தீபாவளிக்குள் களைத்துவிடுவார். ஒரே ஓர் அணியைத் தேர்ந்துகொள்ளுங்கள். வெற்றியே வேண்டுமென்றால் 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் பட்டம் வென்ற ஐஸ்பேரன் பெர்லின் இருக்கிறது. பேரரங்கின் ஆரவாரம் வேண்டுமென்றால் கொலோன் இருக்கிறது. என் மனம் என்னவோ, பெருநகர அணிகளுக்கு ஈடுகொடுக்கும் ஸ்ட்ராபிங் என்ற சிற்றூர் அணியிடம்தான் போகிறது.

ஆட்டத்தைப் பார்க்கும்போது நம் ஹாக்கியின் சில கணக்குகளை மறந்தாக வேண்டும். கோல்காவலரோடு சேர்த்து ஓர் அணிக்கு ஆறு பேர்தான். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். பந்துக்குப் பதிலாக ‘பக்’ எனப்படும் ரப்பர் வட்டு. கோல் வலைக்குப் பின்னாலும் ஆட்டம் தொடரும். ஹாக்கியில் பச்சை அட்டை பெற்றவர் இரண்டு நிமிடம் வெளியே அமர்வதைப் போலவே இங்கும் சிறு தவறுக்கு இரண்டு நிமிடத் தண்டனை உண்டு. ஆனால் அதற்குள் எதிரணி கோல் அடித்துவிட்டால், தண்டனை அங்கேயே முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிடங்களில்தான் பல ஆட்டங்களின் போக்கே மாறுகிறது. அப்போது தொலைபேசி வந்தால் எடுக்காதீர்கள்.

புள்ளிப் பட்டியலைப் படிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அறுபது நிமிடத்திற்குள் வென்றால் 3 புள்ளிகள். கூடுதல் நேரத்திலோ பெனால்டி அடிகளிலோ வென்றால் 2. அவ்வாறு தோற்றாலும் 1. ஆகவே பன்னிரண்டு ஆட்டங்களைக் கூடுதல் நேரத்தில் வென்று மற்றவற்றில் நேராகத் தோற்ற அணிக்கு 24 புள்ளிகளும், ஒன்பதை மட்டும் நேராக வென்ற அணிக்கு 27 புள்ளிகளும் கிடைக்கும். வெற்றிகளை எண்ணாமல், அவை எப்படி வந்தன என்று பாருங்கள். ஆறாம் இடத்திற்குக் கீழே பென்சிலால் ஒரு கோடும், பத்தாம் இடத்திற்குக் கீழே இன்னொரு கோடும் போட்டுக்கொள்ளலாம். முதல் ஆறு அணிகள் நேரே காலிறுதிக்குச் செல்லும். ஏழு முதல் பத்து வரையுள்ளவை, இரண்டு வெற்றி முதலில் பெறுபவர் முன்னேறும் குறுந்தொடரில் மோதும்.

பங்குனி உத்திரத்திற்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகும் நாட்களில் அங்கே பிளே ஆஃப் சுற்று நடந்துகொண்டிருக்கும். காலிறுதி முதல் இறுதி வரை நான்கு வெற்றிகளை முதலில் பெறும் அணியே முன்னேறும். பெனால்டி அடிகள் இல்லாததால், சமநிலை கோல் விழும்வரை தொடரும். 2008இல் கொலோனும் மன்ஹைமும் மோதிய காலிறுதி ஆட்டம் 168 நிமிடம் 16 விநாடி நீண்டு, கொலோனின் 5-4 வெற்றியில் முடிந்தது. அத்தகைய இரவுக்குப் பிளாஸ்கில் சுக்குக் காபி போட்டு வைத்துக்கொள்வது உதவும்.

பட்டியலின் கடைசி இடத்தையும் மறந்துவிடாதீர்கள். இரண்டாம் நிலை லீக்கின் சாம்பியன் மேலே வரும் தகுதியைப் பெற்றிருந்தால், பதினான்காவது அணி கீழே இறங்க நேரிடும். எட்டு முறை ஜெர்மன் பட்டம் வென்ற டுசல்டார்ஃப் 2025இல் அப்படித்தான் இறங்கியது. அதன் இடத்திற்கு டிரெஸ்டன் வந்தது.