‘காத்திருக்க வைத்தார்’ என்பதில் ‘டு’ எங்கே?

வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களின் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுக்கும்போது நான் அதிகம் அடிப்பது ‘டு’ (to) என்கிற குட்டிச் சொல்லைத்தான். காரணம் நம் தமிழிலேயே இருக்கிறது. ‘போக’, ‘பார்க்க’, ‘படிக்க’ என்று வருவதைச் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று பள்ளியில் படித்தோமே, அதற்குக் கிட்டத்தட்ட இணையானதுதான் ‘டு கோ’ மாதிரி பெரும்பாலும் ‘டு’வோடு வரும் ஆங்கிலத்தின் இன்ஃபினிட்டிவ். அதனால் ‘க்க’ என்று காதில் விழுந்தாலே கை தானாக ‘டு’ போட்டுவிடுகிறது.

‘காத்திருக்க வைத்தார்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஹி மேட் மீ டு வெயிட்’ என்று எழுதுகிறோம். தவறு. ‘ஹி மேட் மீ வெயிட்’ போதும். மேக், லெட் இரண்டுக்கும் பின்னால் ஆள் வந்து அப்புறம் வினை வந்தால் நடுவில் ‘டு’ கிடையாது, ‘லெட் மீ கோ’ மாதிரி. ஆனால் அதே வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக்கினால் ‘டு’ திரும்பி வந்துவிடும்: ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்’. டெல், ஆஸ்க் வந்தால் எப்போதும் வேண்டும்: ‘ஹி டோல்ட் மீ டு வெயிட்’. ஹெல்ப் மட்டும் எப்படி எழுதினாலும் சரி.

‘ஐ வாண்டட் டு வென்ட்’ என்று எழுதுகிறவர்களுக்குத் தமிழே கைகொடுக்கும். போக நினைத்தேன், போக நினைக்கிறேன், போக நினைப்பேன்: காலம் மாறினாலும் ‘போக’ அசையவில்லை, இல்லையா? ஆங்கிலத்திலும் அப்படித்தான், ‘டு கோ’ அப்படியே நிற்கும். எதற்காக வந்தோம் என்று சொல்லும்போது ‘ஐ கேம் ஃபார் மீட்டிங் த மேனேஜர்’ வேண்டாம், ‘டு மீட்’ என்று நேராக எழுதுங்கள்.

இப்போது கடிதத்தின் கடைசி வரி. ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ.’ பத்துப் பேரில் ஒருவராவது இப்படித்தான் முடிக்கிறார். இங்கே இருக்கும் ‘டு’ இன்ஃபினிட்டிவ் ‘டு’ அல்ல, முன்னிடைச்சொல். அதற்குப் பின்னால் பெயர்ச்சொல் மாதிரி ஒன்றுதான் வர முடியும், அதனால் ‘மீட்டிங் யூ’. சந்தேகமாக இருந்தால் வினையை எடுத்துவிட்டு ஒரு பெயரை வைத்துப் பாருங்கள்: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு த இன்டர்வியூ’ பொருந்துகிறது, அப்படியானால் ‘இங்’ தான். என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் ஆகியவற்றுக்குப் பின்னாலும் ‘இங்’ தான். ஸ்டாப் வந்தால் பொருளே மாறிவிடும். ‘ஹி ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ’ என்றால் டீ குடிக்க நின்றார், ‘ஹி ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ’ என்றால் டீ குடிப்பதையே விட்டுவிட்டார்.

‘டு பாஸ் த எக்ஸாம்’ என்று முழுத் தொடராக வாக்கியத்தின் தலையில் வைத்தால், அதைச் செய்யப்போகிற ஆள் அடுத்து வர வேண்டும். ‘டு பாஸ் த எக்ஸாம், த புக் மஸ்ட் பி ரெட் ட்வைஸ்’ என்றால் பரீட்சை எழுதுவது புத்தகமா? ‘யூ மஸ்ட் ரீட் த புக் ட்வைஸ்’ என்று மாற்றுங்கள்.

‘டு’வுக்கும் வினைக்கும் நடுவில் வேறு சொல் வரவே கூடாது என்று சில ஆசிரியர்கள் மிரட்டுவார்கள். 1864-ல் ஹென்றி ஆல்ஃபர்ட் என்ற கேன்டர்பரி டீன் (இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்தின் தலைமைக் குரு) அப்படி நடுவில் சொல் வைப்பதைக் கண்டித்து எழுதியிருக்கிறார், ஆனால் நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் அதற்கு முன்னும் பின்னும் அப்படி எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ‘டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்’ என்று நீங்கள் எழுதினால் நான் அடிக்க மாட்டேன்.