உங்கள் ஈ.பி.எஃப். கடைசியில் எவ்வளவு வரும்? போன் கால்குலேட்டரில் போடும் கணக்கு

கொழும்பில் தனியார் துறையில் வேலை செய்யும் நம்மில் பலருக்கு, பெரிய சேமிப்பு என்று இருப்பது ஈ.பி.எஃப். எனும் ஊழியர் சேமலாப நிதிதான். வீட்டு வாடகை, பிள்ளைகளின் டியூஷன், பஸ் காசு எல்லாம் போன பிறகு வங்கியில் மிஞ்சுவது கொஞ்சம். ஈ.பி.எஃப். மட்டும் கைக்கு வராமலே மாதாமாதம் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் வேலையை விடும் காலத்தில் அது எவ்வளவாக இருக்கும் என்று கேட்டால் அநேகருக்குப் பதில் தெரியாது. சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு அவ்வளவு கஷ்டமில்லை.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த நிதியம் இது. உங்கள் சம்பளத்தில் 8% பிடிக்கிறார்கள், தொழில்தருநர் 12% போடுகிறார், ஆக 20%. பணத்தை முதலீடு செய்வது மத்திய வங்கி, சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழில் திணைக்களம். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் முழுப் பணத்தையும் எடுக்கலாம். தொழில்தருநர் தனியாகப் போடும் 3% நம்பிக்கை நிதியம் இந்தக் கணக்கில் சேராது.

படி 1: ஒரு வருடத்துக்கு எவ்வளவு சேர்கிறது?

இன்னும் 25 வருடம் வேலை, ஈ.பி.எஃப். பிடிக்கப்படும் சம்பளம் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20% என்றால் மாதம் 16,000, வருடத்துக்கு 1,92,000. இந்த எண்ணை எழுதி வையுங்கள். பின்னால் இதே எண்ணுக்குத் திரும்பி வருவோம், ஏனென்றால் கணக்கின் உயிரே இதில்தான் இருக்கிறது.

படி 2: எந்த வட்டி வீதம்?

புதியவர்கள் சறுக்கும் இடம் இது. 2023ஆம் ஆண்டுக்கு 13% வட்டி அறிவித்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு 25 வருடத்துக்கும் 13% போட்டால் விடை கண்ணைப் பறிக்கும், ஆனால் அதை நம்ப முடியாது. 2022க்குக் கிடைத்தது 9%தான். சட்டம் உறுதி தரும் குறைந்தபட்ச வீதம் வெறும் 2.5%. நிதியத்தின் பணம் பெரும்பாலும் அரசாங்கத் திறைசேரி முறிகளில், அதாவது அரசாங்கம் கடன் வாங்கக் கொடுக்கும் பத்திரங்களில், இருக்கிறது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது மாற்றிக் கொடுத்த முறிகளுக்கு ஆரம்ப வருடங்களில் 12%, அப்புறம் முதிர்வு வரை 9% வட்டி. ஆகவே நீண்ட காலக் கணக்குக்கு நான் 9% எடுக்கிறேன். கூடுதலாகக் கிடைத்தால் சந்தோஷம், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

வரி விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வங்கி நிலையான வைப்பில் 8% என்றால், 2025 ஏப்ரல் முதல் 10% பிடித்துவைத்தல் வரி கழிந்து 7.2%தான் கணக்கில் சேரும். ஈ.பி.எஃப். அறிவிக்கும் வட்டியில் அப்படி ஒன்றும் பிடிப்பதில்லை. நிதியம் தன் முதலீட்டு வருமானத்துக்கு 14% வரி கட்டிய பிறகுதான் அந்த வீதமே அறிவிக்கப்படுகிறது. எனவே இரண்டையும் ஒப்பிடும்போது வைப்பின் வீதத்தில் வரியைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

படி 3: வருடம் வருடமாக ஏற்றுங்கள்

விதி ஒன்றுதான்: போன வருட மீதியை 1.09ஆல் பெருக்கி, இந்த வருடம் சேர்ந்ததைக் கூட்டுங்கள்.

முதல் வருட முடிவில் 1,92,000.
இரண்டாம் வருடம்: 1,92,000 × 1.09 = 2,09,280. அதோடு 1,92,000 கூட்டினால் 4,01,280.
மூன்றாம் வருடம்: 4,01,280 × 1.09 + 1,92,000 = 6,29,395.

இப்படியே போங்கள். முதல் சில வருடங்கள் சலிப்பாக இருக்கும், வட்டி பெரிதாகத் தெரியாது. பத்தாவது வருடத்தில் முதல் தடவையாக, அந்த வருட வட்டி (சுமார் 2,25,000) நீங்களும் கம்பனியும் சேர்ந்து போடும் பணத்தைத் தாண்டுகிறது. 25ஆவது வருடத்தில் வட்டி மட்டும் சுமார் 13 இலட்சம். முடிவில் மொத்தம் ஏறத்தாழ 1 கோடி 62 இலட்சம் ரூபாய். அதில் போட்ட பணம் 48 இலட்சம்தான்.

சம்பளம் 25 வருடமும் அப்படியே நிற்காது அல்லவா? வருடத்துக்கு 6% கூடும் என்று வைத்து, சேர்க்கும் தொகையையும் ஒவ்வொரு வருடமும் 1.06ஆல் பெருக்கினால் மொத்தம் சுமார் 2 கோடி 77 இலட்சம் வரும்.

படி 4: விலைவாசியைக் கழியுங்கள்

இதைச் செய்யாமல் கணக்கை மூடவே கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8% வரை போனதை நாம் அனைவரும் அனுபவித்தோம். அந்த வருடம் 9% வட்டி பெற்ற கணக்கு உண்மையில் சுருங்கியது. நீண்ட காலத்துக்கு மத்திய வங்கியின் இலக்கான 5%ஐயே எடுத்துக்கொள்வோம். 1.05ஐ 25 தடவை பெருக்கினால் 3.386. 1 கோடி 62 இலட்சத்தை அதால் வகுத்தால் இன்றைய பெறுமதியில் 48 இலட்சம். சம்பளம் கூடும் கணக்கிலோ சுமார் 82 இலட்சம். வயதான காலத்துக்கு இது போதுமா என்று யோசிக்க வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான்.

படி 5: திரும்பவும் சம்பளச் சீட்டுக்கு

வட்டி 9% இல்லாமல் 8% ஆனால் 25 வருட முடிவில் சுமார் 22 இலட்சம் குறையும். பெரிய தொகைதான். ஆனால் இதைப் பாருங்கள்: அதே 80,000 சம்பளத்தை 50,000 அடிப்படைச் சம்பளம், 30,000 படிகள் என்று பிரித்து, 50,000க்கு மட்டும் ஈ.பி.எஃப். பிடித்தால்? வருடத்துக்கு 1,20,000தான் சேரும். 9% வட்டியிலேயே முடிவில் 1 கோடி 2 இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இழப்பு சுமார் 61 இலட்சம். வட்டி வீதம் நம் கையில் இல்லை, இதையோ நாம் கேட்டுப் பார்க்கலாம். மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு ஈ.பி.எஃப். கிடையாது, சரி. ஆனால் வாழ்க்கைச் செலவுப் படி, அதுபோன்ற மற்றப் படிகள், விடுமுறைக்கான கொடுப்பனவு, சாப்பாட்டின் பெறுமதி எல்லாம் சட்டப்படி கணக்கில் சேர வேண்டியவை. புறக்கோட்டைக் கடையில் நிற்பவர் ஆனாலும் சரி, கொள்ளுப்பிட்டி ஒபிசில் இருப்பவர் ஆனாலும் சரி, எந்தத் தொகைக்கு 8% பிடிக்கிறார்கள் என்று இன்றைக்கே பாருங்கள்.

இடையில் எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து வருடப் பங்களிப்பும் குறைந்தது 3 இலட்சம் மீதியும் இருந்தால் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30% வரை எடுக்கலாம். நம் உதாரணத்தில் பத்தாவது வருட முடிவில் அது சுமார் 8 இலட்சத்து 75 ஆயிரம். அதை விட்டுவைத்திருந்தால் அடுத்த 15 வருடத்தில் சுமார் 32 இலட்சம் ஆகியிருக்கும். சிகிச்சைக்கு என்றால் தயங்காமல் எடுங்கள். வீட்டுக்கு என்றால், வேறு வழி ஒன்றும் இல்லையா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எடுங்கள்.

கடைசியாக, பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். ஒரு மாதத்துப் பங்களிப்பை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் தொழில்தருநர் அனுப்ப வேண்டும். உங்கள் மீதிக் கூற்றில் ஏதாவது ஒரு மாதம் விடுபட்டிருந்தால் முதலில் கம்பனிக் கணக்குப் பிரிவில் கேளுங்கள். சரிவராவிட்டால் சம்பளச் சீட்டுகளின் பிரதிகளோடு நாரஹேன்பிட்டவில் உள்ள தொழில் திணைக்களத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள்.