கோலாலம்பூர் வெக்கையில் கேழ்வரகுக் கூழ்

ஆடி மாதம் அம்மன் கோயிலில் இரண்டு டம்ளர் கூழ் குடித்துவிட்டு, மற்ற நாளெல்லாம் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) மைதா ரொட்டியான ரொட்டி சானாயும் டின் பால் ஊற்றிய தே தாரிக்குமாகப் பசியாறினால் உடம்புக்கு ஒரு பலனும் இல்லை. வாரத்தில் மூன்று நாலு நாள் அந்த ரொட்டியின் இடத்தில் கூழ் வரவேண்டும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நம்மவர்களிடம்தான் அதிகம்.

நான்கு பேருக்கு அளவு: கேழ்வரகு மாவு 1 கப் (120 கிராம்), அரிசி நொய் கால் கப், தண்ணீர் மொத்தம் 4 கப். மஸ்ஜித் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் மாவு கிடைக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் சீனி, பால் மாவு என்று எழுதியிருந்தால் அது சத்துமாவுப் பானம், வாங்கவேண்டாம். மாவை முகர்ந்து பாருங்கள். கசந்த எண்ணெய் வாடை அடித்தால் பழசு.

இரவு எட்டு மணிக்கு மாவை ஒன்றரைக் கப் ஆறிய கொதிநீரில் கட்டியில்லாமல் கரைத்து, மண்சட்டியிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ ஊற்றி, துணியால் மூடி வையுங்கள். ஊரில் பனிக்காலத்தில் 12 மணி நேரம் விடுவார்கள். இங்கே ராத்திரியிலும் சமையலறை வெக்கை அடங்காது, 8 மணி நேரம் போதும். ஏர்கான் அறையில் வைத்துவிட்டுப் புளிக்கவில்லையே என்று பார்ப்பதில் பயனில்லை. காலையில் துணியை எடுத்ததும் மோர் வாடை வரவேண்டும். மேலே தெளிந்த தண்ணீர், ஓரத்தில் பொடிக்குமிழி. அழுகல் நாற்றமோ, இளஞ்சிவப்பு, கறுப்புப் பூசணமோ கண்டால் மேலாக வழித்துவிட்டுச் சமைக்காதீர்கள், அப்படியே கொட்டிவிடுங்கள். இந்தப் புளிப்பு ருசிக்கு மட்டுமில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் என்ற பொருளும் தானியத்திலேயே இருக்கிறது; புளித்தல் அதைக் குறைக்கிறது.

மீதி இரண்டரைக் கப் தண்ணீரில் நொய்யைக் குழைய வேகவிடுங்கள். தீயைத் தணித்து, புளித்த மாவை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறுகையால் துடுப்புப் போட்டுக் கிண்டுங்கள். தீ பலமாக எரியும்போது மாவைக் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே பச்சையாக நிற்கும் கட்டிகள் விழும், பிறகு அவற்றைக் கரைக்கவே முடியாது. 12 முதல் 15 நிமிடத்தில் நிறம் கறுத்துப் பளபளக்கும். கையை நனைத்துத் தொட்டுப் பாருங்கள், ஒட்டாவிட்டால் வெந்தது. ஒட்டினால் இன்னும் கிண்டவேண்டும், இல்லையேல் வயிறு உப்பும்.

ஆறியபின் நாலு உருண்டை பிடியுங்கள். அன்றைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தண்ணீரில் மூழ்கவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். தினம் தண்ணீர் மாற்றினால் மூன்று நாள் தாங்கும். பாட்டி காலத்தில் வெளியேதான் வைத்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் அவர்கள் மறுநாள் காலையே குடித்து முடித்தார்கள்.

ஒருவருக்கு ஓர் உருண்டை. அதில் மாவுச்சத்து சுமார் 30 கிராம், இரண்டு துண்டு பிரட்டுக்குச் சமம். சீனி சேர்க்காத தயிரை மூன்று பங்கு நீர் விட்டு அடித்து, அதில் உருண்டையைக் கையால் பிசைந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போடுங்கள். கைப்பிசைவில் அங்கங்கே நொய் பல்லில் படும், அதுதான் வேண்டும். பிளெண்டரில் அடித்துக் குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல் நல்லது. நெத்திலிக் கருவாடு என்றால் சுடுதண்ணீரில் இருமுறை அலசி, உப்பை இறக்கிவிட்டுப் பொரியுங்கள். மோர் மிளகாய் ஒன்று போதும், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

கேழ்வரகு என்றாலே சர்க்கரை ஏறாது என்பது வெறும் நம்பிக்கை. ரொட்டி சானாய் சாப்பிட்ட ஒரு நாளும் கூழ் குடித்த ஒரு நாளும், முதல் வாயிலிருந்து 2 மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்து, இரண்டு எண்ணையும் எழுதிவைத்துக் கிளினிக்கில் காட்டுங்கள். மருந்தை நீங்களாகக் குறைக்கக்கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேழ்வரகில் உள்ள பொட்டாசியம், பாஸ்பரஸ் பற்றி உணவியல் நிபுணரிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.