ஜன்னலுக்கு மேலே சொட்டும் தண்ணீர்: டெக்சஸில் சென்ட்ரல் ஏசி வீட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோ, பிளேனோ, இர்விங் என்று எந்த ஊரில் வீடு பிடித்தாலும் முதல் கோடையிலேயே ஒன்று புரிந்துவிடும். இங்கே ஏசி வசதிக்காக வைப்பதில்லை, அது இல்லாமல் வீட்டில் இருக்கவே முடியாது. 2011-இல் இந்தப் பகுதியில் 71 நாட்கள் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. 2023-இல் 55 நாட்கள். அந்த 100 டிகிரி நம் கணக்கில் கிட்டத்தட்ட 38 டிகிரி செல்சியஸ். "மதுரையில் பார்க்காத வெயிலா?" என்று வந்த புதிதில் நானும் சொன்னேன். ஆனால் மதுரையில் எங்கள் வீடு செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும். சாயங்காலம் மொட்டை மாடியில் நாலு வாளி தண்ணீர் ஊற்றினால் ராத்திரி படுக்க முடியும். இங்கே மரச்சட்டத்தில் கட்டிய வீடு, மேலே ஷிங்கிள் கூரை, நடுவில் பரண். மதியம் ஏசி நின்றால் சாயங்காலத்துக்குள் வீடு அடுப்பாகிவிடும்.

நம் ஊரில் அறைக்கு ஒரு ஸ்ப்ளிட் ஏசி, 1 டன் அல்லது 1.5 டன். அறையை விட்டு வெளியே வந்தால் ரிமோட்டை அமுக்கி அணைத்துவிடுவோம். இங்கே மொத்த வீட்டுக்கும் ஒன்று, பெரிய வீடாக இருந்தால் இரண்டு. பின்பக்கம், வீட்டுச் சூட்டை வெளியே தள்ளும் ஒரு கண்டென்சர் பெட்டி. அதன் ஜோடி பரணில் படுத்திருக்கும்: காற்றை ஊதும் ஃபேன், குளிர்விக்கும் காயில், அதோடு ஒட்டியே குளிர்காலத்துக்கான கேஸ் ஹீட்டர். அங்கிருந்து தடித்த குழாய்கள் ஒவ்வொரு அறையின் சீலிங்குக்கும் போகும். பரணில் இருக்கிறது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

ஏசியை மாற்றவோ புதிதாகப் போடவோ வேண்டி வந்தால், செய்ய வேண்டியது அதிகமில்லை. டெக்சஸில் ஏசி கான்ட்ராக்டருக்கு மாநில லைசென்ஸ் வேண்டும். டி.டி.எல்.ஆர். என்ற அரசுத் துறையின் தளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டால் தெரிந்துவிடும். நகராட்சி பெர்மிட்டைப் பெரும்பாலும் கான்ட்ராக்டரே எடுத்துவிடுவார். "பெர்மிட் வேண்டாம், அந்தக் காசு உங்களுக்கு மிச்சம்" என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பெர்மிட் எடுத்தால்தான் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். 2025 ஜனவரியிலிருந்து வீட்டுக்கான புது ஏசிகள் ஆர்-410ஏ என்ற பழைய குளிரூட்டும் கேஸுக்குத் தயாராவதில்லை, ஆர்-454பி அல்லது ஆர்-32 கேஸில்தான் வருகின்றன. இவை லேசாகத் தீப்பற்றக்கூடியவை, பழைய கேஸுக்கான பாகங்கள் இவற்றுக்குப் பொருந்தாது என்பதால் வெளியே இருக்கும் பெட்டியையும் உள்ளே இருக்கும் காயிலையும் ஜோடியாக மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றி ஒட்டுப்போடக் கூடாது.

எத்தனை டன் என்பதில்தான் நம் ஆட்கள் தவறுகிறார்கள். "பெருசாவே போட்டுடுங்க, நல்லா குளிரட்டும்" என்று என் நண்பர் ஒருவர் 4 டன் போதுமான வீட்டுக்கு 5 டன் போட்டார். அது ஐந்து நிமிடம் ஓடும், வீடு குளிர்ந்ததென்று நிற்கும், மறுபடி ஓடும். அந்த ஐந்து நிமிடத்தில் காற்றில் இருக்கும் ஈரம் வடியாது. அவர் வீட்டில் உட்கார்ந்தால் குளிர்ந்த ஈரத்துணியைப் போர்த்திக்கொண்ட மாதிரி இருக்கும். சதுர அடியை மட்டும் கேட்டு டன் சொல்பவரிடம், மேனுவல் ஜே கணக்கு போட்டீர்களா என்று கேளுங்கள். ஜன்னல்கள் எந்தத் திசை பார்க்கின்றன, பரணில் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு, அதாவது இன்சுலேஷன், எவ்வளவு என்றெல்லாம் பார்த்துப் போடும் கணக்கு அது.

இனி என் கதை.

2019-இல் வீடு வாங்கினோம். இரண்டாவது ஜூலையில், சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு நேர் மேலே, கூரையின் ஓரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன வெள்ளைக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. மனைவிதான் முதலில் பார்த்தாள். "ஏசி தண்ணிம்மா, நம்ம ஊர்ல சொட்டாதா?" என்றேன். சென்னையில் நாங்கள் இருந்த ஃப்ளாட்டில் வரிசையாக எல்லா வீட்டு ஏசியும் சொட்டும். அதற்கு வாளி வைத்து, அந்தத் தண்ணீரில் வாசல் கழுவுவோம். அதே நினைப்பில் இங்கேயும் ஒரு வாளி வைத்தேன். தினமும் சாயங்காலம் அதை எடுத்து, ஊரிலிருந்து வந்த நாளாக ஆசையாக வளர்த்த கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். மூன்று வாரம் ஊற்றினேன்.

நாலாவது வாரம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் பெரிய சத்தம். மகள் அறையின் சீலிங் ஒரு கட்டில் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்திருந்தது. ஊறிய ஷீட்ராக் (சீலிங்கில் அடிக்கும் ஜிப்சம் பலகை), ஈரமான இன்சுலேஷன், பழுப்புத் தண்ணீர், எல்லாம் அவள் படிக்கும் மேஜை மேல். அவள் அன்று எங்கள் அறையில் தூங்கிப்போயிருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும்.

மறுநாள் வந்த மெக்கானிக் முதலில் கேட்ட கேள்வி: "ஜன்னலுக்கு மேலே இருக்கும் குழாய் எத்தனை நாளாகச் சொட்டுகிறது?" அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் வீடு விற்றவர், ஏஜென்ட், வாங்கும்போது வந்து பார்த்த இன்ஸ்பெக்டர், யாருமே இதை எனக்குச் சொல்லவில்லை.

பரணில் இருக்கும் காயிலில் கோடைக்காலத்தில் ஒரு நாளைக்குப் பல கேலன் தண்ணீர் சேரும். அது வெளியேற இரண்டு வழி உண்டு. முதல் குழாய் உங்கள் கண்ணுக்கே தெரியாது. எங்கள் பகுதி வீடுகளில் அது பெரும்பாலும் சுவருக்குள் இறங்கி, ஏதாவது ஒரு குளியலறை வாஷ்பேசினின் அடியில் கழிவுக் குழாயோடு சேர்ந்துவிடும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் முழுத் தண்ணீரும் அந்த வழியில் போக வேண்டும். அது அடைத்துக்கொண்டால், தண்ணீர் வழிந்து, இயந்திரத்துக்கு அடியில் வைத்திருக்கும் அகலமான தகரத் தட்டில் விழும். அந்தத் தட்டிலிருந்து வருவதுதான் இரண்டாவது குழாய். அதை வேண்டுமென்றே ஜன்னலுக்கு மேலேயோ வாசலுக்கு மேலேயோ, வீட்டுக்காரர் கண்ணில் படும் இடத்தில் கொண்டுவந்து விடுகிறார்கள். கட்டட விதியே அப்படித்தான். அதில் தண்ணீர் வந்தால், முதல் குழாய் அடைத்துவிட்டது, உடனே ஆளைக் கூப்பிடு என்று அர்த்தம்.

நம் ஊரில் ஏசி சொட்டினால் அது ஓடுகிறது என்று பொருள். இங்கே அந்த ஜன்னல் குழாய் சொட்டினால் அபாய மணி. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் மூன்று வாரம் அந்த மணியை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றியிருக்கிறேன். பிறகு தட்டின் ஓட்டையிலும் இன்சுலேஷன் பஞ்சு போய் அடைக்க, தண்ணீருக்குப் போக வேறு வழியில்லை. சீலிங் மேல் இறங்கிவிட்டது.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. நம் ஊர் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் மோட்டாரை நிறுத்த ஒரு மிதவை சுவிட்ச் இருக்குமே, அதே மாதிரி ஒன்றை அந்தத் தகரத் தட்டில் வைக்கலாம். தண்ணீர் ஏறியதும் ஏசியே நின்றுவிடும். பொருளின் விலை சில பத்து டாலர்தான். இரண்டாவது குழாய் இருந்தால் சுவிட்ச் கட்டாயமில்லை என்பதால் வீட்டைக் கட்டியவர் வைக்கவில்லை. சீலிங், இன்சுலேஷன், மேஜை, கம்பளம், பூஞ்சை பிடிக்காமல் உலர்த்தும் கூலி என்று எங்களுக்கு 6,000 டாலருக்கு மேல் ஆனது. இன்ஷூரன்ஸ் ஆள் வந்தார், எத்தனை நாளாகச் சொட்டியது என்று கேட்டார், நான் உண்மையைச் சொன்னேன். திடீரென்று ஏற்பட்ட சேதத்துக்குத்தான் பணம், வாரக்கணக்கில் கசிந்ததற்கு இல்லை என்று பாலிசியைக் காட்டிவிட்டுப் போனார்.

அதனால் குடிபோன முதல் சனிக்கிழமையே இதைச் செய்யுங்கள். வீட்டைச் சுற்றி வந்து, கூரையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும், குழந்தைகளுக்கும் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கும் அதைக் காட்டுங்கள். பகலில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தானே. அப்புறம் ஒவ்வொரு குளியலறை பேசினுக்கும் அடியில் பாருங்கள். பேசின் குழாயோடு பக்கவாட்டில் இன்னொரு சின்னக் குழாய் சேர்ந்திருந்தால் அதுதான் ஏசியின் முதல் வடிகால். அந்த பேசினில் தண்ணீர் மெதுவாக இறங்கினால் சும்மா விடாதீர்கள். எங்கள் வீட்டில் அடைப்பு அங்கேதான் இருந்தது: முடியும் பற்பசையும் பாசியும் சேர்ந்த ஒரு கட்டி.

பரணில் காயில் பெட்டிக்குப் பக்கத்தில் வடிகால் குழாய்க்கு மூடி போட்ட ஒரு வாய் இருக்கும். கோடையில் மாதம் ஒருமுறை ஏசியை நிறுத்திவிட்டு, அதில் ஒரு கப் வெள்ளை வினிகரை ஊற்றி, அரைமணி நேரம் கழித்துக் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். பாசி பிடிக்காது. வினிகரோடு பிளீச்சைக் கலக்கவே கூடாது, விஷவாயு கிளம்பும். மிதவை சுவிட்ச் இல்லையென்றால் அடுத்த சர்வீஸுக்கு வருபவரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள், போனில் சொல்வது போதாது.

பரணுக்கு விடியற்காலையில் மட்டும் ஏறுங்கள். ஜூலை மதியத்தில் அங்கே 130 டிகிரியைத் தாண்டும், மயக்கம் வந்துவிடும். பலகை போட்ட இடத்திலோ மரச்சட்டத்திலோதான் கால் வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் நேராகக் கீழ் அறைக்கு வந்துவிடுவீர்கள்.

கரண்ட் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே சுவர் பிளக்கில் 120 வோல்ட்தான், ஆனால் வெளியே இருக்கும் கண்டென்சர் 240 வோல்ட்டில் ஓடுகிறது. அதன் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதிலுள்ள கட்டையை இழுத்தால் கண்டென்சருக்குக் கரண்ட் நிற்கும். பரணில் இருப்பதற்குத் தனி பிரேக்கர். ஒன்றை அணைத்தால் இன்னொன்றும் அணைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எல்லாவற்றையும் அணைத்தாலும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். ஊரில் மிக்ஸி, ஃபேன் எல்லாம் நாமே கழற்றி மாட்டிய கைதான், ஆனால் இந்தப் பெட்டியின் மூடியைத் திறக்காதீர்கள். வெளியிலிருந்து ஹோஸால் தூசியைக் கழுவுவதும், சுற்றி இரண்டடிக்குச் செடி வளராமல் வெட்டுவதும் போதும். பரணில் கேஸ் ஹீட்டர் இருப்பதால் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று குளிர் தொடங்கும் முன் பாருங்கள்.

ஓட்டும் விதத்தில் நம் பழக்கம் சிலவற்றை விட வேண்டியிருக்கும். ஆளில்லாத அறை என்று குளிர்காற்று வரும் சீலிங் வென்ட்டை ஒவ்வொன்றாக மூடினால் காற்றோட்டம் குறைந்து காயில் பனிக்கட்டியாக உறைந்துவிடும். ஃபில்டர் அழுக்காக இருந்தாலும் இதேதான். ஒரு அங்குல ஃபில்டரைக் கோடையில் மாதாமாதம் எடுத்துப் பாருங்கள், நம் தாளிப்பும் சாம்பிராணியும் சேர்ந்தால் சீக்கிரமே கறுத்துவிடும். உறைந்துவிட்டால், சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் 'கூல்' என்பதை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்கள், உருகும்போது வடிகாலைக் கவனியுங்கள். மற்ற நேரங்களில் ஃபேன் 'ஆட்டோ' நிலையில் இருக்கட்டும். எப்போதும் ஓட விட்டால் காயிலில் நிற்கும் ஈரம் மறுபடி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். தெர்மோஸ்டாட்டை 68-க்குத் தள்ளினால் சீக்கிரம் குளிராது, அதிக நேரம் ஓடும், அவ்வளவுதான். நாங்கள் 77, 78-இல் வைத்து மேலே சீலிங் ஃபேனைப் போட்டுக்கொள்கிறோம், அது நம் 25 டிகிரிதான். வெளியே போகும்போது முழுதாக அணைக்காமல் நாலைந்து டிகிரி ஏற்றிவிட்டுப் போங்கள்.

வருடா வருடம் "கேஸ் கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்று நிரப்பிவிட்டுக் காசு வாங்குபவர்கள் இங்கேயும் உண்டு. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள்.

கறிவேப்பிலைச் செடியைப் பின்பக்கக் குழாயடிக்கு மாற்றிவிட்டேன். ஜன்னலுக்குக் கீழே இப்போது தொட்டியும் இல்லை, வாளியும் இல்லை. அங்கே ஒரு வெளிர்நிற சிமென்ட் பலகையைப் போட்டிருக்கிறேன், ஒரு சொட்டு விழுந்தாலும் கறை தெரியும். காலையில் காபி டம்ளரோடு போய் அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவுக்குப் போன் போடுவேன்.