கண்ணு வலிக்கல்ல, பின்ன எதுக்கு டாக்டர்? கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்குக் கண் பரிசோதனை, படிப்படியாக

"வலிக்கா?" என்று கேட்டாள் அம்மா. இல்லை என்றேன்.

"சிவந்திருக்கா?" அதுவும் இல்லை.

"பின்ன எதுக்கு பிள்ளே, ஒரு நாள் லீவைப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போற?"

இதே கேள்வியைக் கேட்டுத்தான் நானும் மூன்று வருஷம் போகாமல் இருந்தேன். தக்கலையில் வீடு, நாகர்கோவிலில் வேலை. காலை ஏழரைக்குப் போட்ட லென்ஸைக் கழற்ற இரவு பத்து ஆகும். பழைய சீட்டில் இருந்த பவரையே ஆன்லைனில் அடித்து வாங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் போனபோது, கருவிழியின் மேல் ஓரத்தில் சிவப்பு நூல்போல ரத்தக் குழாய்கள் உள்ளே ஏறியிருப்பதை டாக்டர் திரையில் காட்டினார். ஒரு நாள்கூட வலித்ததில்லை.

காரணம் எளிது. கருவிழிப் படலத்தில் ரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் அது கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. லென்ஸ் அதற்கு மேல் ஒரு மூடி. மூச்சு முட்டினால், கண் தானாகவே புதுக் குழாய்களை வளர்க்கத் தொடங்கும். அது வலிக்காது. போதாததற்கு, வருஷக்கணக்காக லென்ஸ் போட்டால் கருவிழியின் உணர்ச்சியே கொஞ்சம் மழுங்கும். கருவிழியில் சிராய்ப்பு இருந்தால் வலி தெரியாமல் இருக்க டாக்டர்களே சில நேரம் கட்டுத்துணிபோல ஒரு லென்ஸை மேலே போட்டுவிடுவார்கள். அப்படியானால் நம் லென்ஸுக்கு அடியில் இருக்கும் புண்ணும் நமக்குத் தெரியாமல் போகலாம்தானே?

படி 1: எப்போது?

வருஷத்துக்கு ஒரு முறை. புதிதாகப் போடுகிறவர்கள் முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே ஒரு தடவை காட்ட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பவர் சீக்கிரம் மாறும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை நல்லது.

படி 2: பையில் என்ன எடுப்பது?

லென்ஸ் வந்த பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பவரோடு பி.சி., டயா என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று லென்ஸின் வளைவு, இன்னொன்று அகலம். கண்ணாடிச் சீட்டில் இந்த இரண்டும் இருக்காது. பவர் 4-க்கு மேல் போனால் கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் பவரே வேறாகும். கண்ணாடிச் சீட்டை வைத்து லென்ஸ் வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

கண்ணாடி, லென்ஸ் டப்பா, சொல்யூஷன் மூன்றும் வேண்டும். டப்பாவைக் கழுவிப் பளபளப்பாக்கிக் கொண்டுபோகாதீர்கள், தினமும் இருக்கிறபடியே இருக்கட்டும். வேறு மாதிரி சொல்லவில்லை என்றால் லென்ஸைப் போட்டுக்கொண்டே போங்கள். அது கண்ணில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்ப்பதே பாதி பரிசோதனை.

படி 3: உள்ளே என்ன நடக்கும்?

எழுத்துப் பலகை வாசிப்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு முடித்து அனுப்பினால், "லென்ஸைப் போட்டபடி ஸ்லிட் லாம்பில் பார்க்கவில்லையா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

ஸ்லிட் லாம்ப் என்பது தாடையை வைத்து உட்காரும் மைக்ராஸ்கோப். கண் சிமிட்டும்போது லென்ஸ் லேசாக அசைய வேண்டும். அசையாமல் ஒட்டிக்கிடந்தால் இறுக்கம். அழுக்கு அடியிலேயே தங்கும். பிறகு லென்ஸைக் கழற்றிவிட்டு ஆரஞ்சு நிறச் சாயம் வைத்து நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். சிராய்ப்பு இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும். மேல் இமையையும் திருப்பிப் பார்ப்பார்கள். ஒரு நொடி கூசும், அவ்வளவுதான். அழுக்குப் படிந்த லென்ஸ் உரசி உரசி அங்கே சின்னச் சின்ன மேடுகள் வந்திருக்கலாம்.

மைனஸ் 6-க்கு மேல் பவர் உள்ளவர்கள் சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். லென்ஸ் போட்டதும் கிட்டப்பார்வை போய்விட்டது என்ற நினைப்பு பலருக்கு. கிட்டப்பார்வையில் நீண்டுபோன கண் நீண்டபடியேதான் இருக்கிறது. விழித்திரை மெலிவதும் ஓட்டை விழுவதும் லென்ஸ் போட்டாலும் நடக்கலாம்.

படி 4: மறைக்காமல் சொல்லுங்கள்

நான் பொய் சொன்ன இடம் இது. "தினமும் எட்டு மணி நேரம்தான்" என்றேன்! பஸ்ஸில் தூங்கியதையும் சொல்லவில்லை.

நம்ம குமரி மாவட்டக்காரர்கள் முக்கியமாகச் சொல்ல வேண்டியது வெள்ளத்தைப் பற்றி, அதாவது தண்ணீரைப் பற்றி. கிணற்று வெள்ளத்தில் டப்பாவைக் கழுவுகிறீர்களா? லென்ஸோடு குளத்தில் முங்கினீர்களா? திற்பரப்பு அருவியில் தலையைக் கொடுத்தீர்களா? கிணறு, குளம், ஆறு, குழாய் எதிலும் அகந்தமீபா என்ற ஓரணு உயிரி இருக்கலாம். லென்ஸ் வழியாகக் கருவிழிக்குள் போனால் மருந்து மாதக்கணக்கில் நீளும். குளோரினுக்கும் அது எளிதில் சாவதில்லை. வெள்ளம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தாலும் இதே கதைதான்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் பைக்கில் போகிறவர்கள் அங்கே வீசும் பலத்த காற்றைப் பற்றியும் சொல்லுங்கள். கண் உலர்கிறது என்றால் லென்ஸ் வகையே மாற வேண்டியிருக்கலாம். எனக்கும் ஆக்சிஜன் நன்றாகப் போகும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் வகைக்கு மாற்றி, நேரத்தையும் குறைத்தார். ஏறிய குழாய்கள் இப்போது வற்றிவிட்டன, ஆனால் தடம் அழியவில்லை.

படி 5: திரும்பும்போது

சாயம் லென்ஸில் ஏறும், அதனால் கண்ணாடியிலேயே திரும்புங்கள். சொட்டு மருந்து விட்டிருந்தால் சில மணி நேரம் எழுத்து மங்கும், வெயில் கூசும். பைக்கை எடுக்க வேண்டாம், ஆள் துணை வேண்டும்.

படி 6: தேதிக்குக் காத்திருக்கக் கூடாத நாள்

வலி, சிவப்பு, வெளிச்சக் கூச்சம், மங்கல் இதில் ஒன்று வந்தாலும் உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. சில கிருமிகள் ஒன்றிரண்டு நாளிலேயே கருவிழியைக் கரைத்துவிடும். மெட்ராஸ் ஐதான் என்று நினைத்து மெடிக்கலில் கேட்டு மருந்து விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, உள்ளே பூஞ்சை இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். தாய்ப்பால் விடச் சொல்லும் பாட்டிகளுக்கும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தலையாட்டாதீர்கள்.

கழற்றிய லென்ஸைத் தூக்கி எறியவும் வேண்டாம். டப்பாவிலேயே போட்டு டாக்டரிடம் கொடுங்கள். கண்ணில் எடுக்கும் மாதிரியில் கிருமி சிக்காதபோது, சில நேரம் அந்த டப்பாவில்தான் அது யாரென்று தெரியவரும்.