சுண்ணப் பூச்சில் ராமன் முகடுகள் தெரியாதபோது செய்தது

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவரிலிருந்து உதிர்ந்த வெள்ளைப் பூச்சுத் துணுக்கு. ராமன் நிறமாலை என்பது லேசர் ஒளி பொருளில் பட்டுச் சிதறுவதை அளந்து அதன் கனிமத்தை அறியும் முறை; ஒவ்வொரு கனிமமும் தனக்கே உரிய இடங்களில் முகடு காட்டும். இத்துணுக்கை 532 நானோமீட்டர் லேசரில் வைத்தால் முகடுகளே இல்லை, எல்லாவற்றையும் மூடும் ஒரே அகன்ற மேடு. பூச்சில் சேர்த்த முட்டை வெள்ளைக்கரு போன்ற கரிமப் பொருளும் மேலே படிந்த அழுக்கும் ஒளிர்வதே காரணம்.

துணுக்கை உடைத்துப் புது முறிவு முகத்தைக் காட்டினேன்; ஒளிர்வு குறைய லேசரை 785 நானோமீட்டருக்கு மாற்றினேன். கருவி சரியா என்று ஒரு சிலிக்கான் துண்டின் முகட்டை 520.5 செ.மீ⁻¹-இல் (முகடுகளின் இடத்தைச் சொல்லும் அலகு) சரிபார்த்த பிறகே அளவு. கால்சைட் (கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம்) 282, 712, 1086-இல் பளிச்சென்று வந்தது. ஆனால் 1086-ஐ மட்டும் நம்பிவிடக் கூடாது, அதே சேர்மத்தின் இன்னொரு படிக வடிவமான அரகோனைட்டும் 1085-இல்தான் நிற்கும். 206-இல் ஒன்றும் 700–706-இல் இரட்டையும் தெரிந்தால் அது அரகோனைட். பெரும்பாலும் சூளையில் வேகாத கிளிஞ்சல் தூள். வெந்து நீறிய சுண்ணாம்பு காற்றில் இறுகும்போது பொதுவாகக் கால்சைட்டாகத்தான் மாறும்.

785-க்கும் ஒரு குறை உண்டு. இன்னும் இறுகாத சுண்ணாம்பின் 3620 முகடு சுமார் 1097 நானோமீட்டரில் விழும், அங்கே சிலிக்கான் உணரிக்குக் கண் தெரியாது. அதற்கு மட்டும் 532-க்கே திரும்பி, குறைந்த திறனில் ஒரே புள்ளியில் லேசரைப் பத்து நிமிடம் விட்டால் மேடு ஓரளவு தணியும். கறுப்பு, சிவப்புப் புள்ளிகளில் 1 மில்லிவாட்டுக்கு மேல் போகாதீர்கள், கருகும்.

532 லேசரில் 484 செ.மீ⁻¹ அருகே ஊசி போல ஒரு கோடு வந்தால், புதுக் கனிமம் என்று துள்ள வேண்டாம். லேசரை மூடியும் அது நின்றால் அறையின் ட்யூப்லைட் பாதரசக் கோடு, விளக்கை அணையுங்கள்.